கன்றுமேய்பாழ்

"சும்மா கெடக்கிறதக் குடுக்க யாருக்குவே மனசு வராது?"

குளத்துப் படித்துறையில் யாரோ சொன்னது. சொன்னவர் உடனே தண்ணீருக்குள் முங்கிவிட்டார். பக்கத்தில் ஒருவர் சிரித்தார். மேல்படியில் வேட்டி பிழிந்துகொண்டிருந்த ஆவுடையப்பனுக்குக் குரல் பிடிபடவில்லை. ஆனால் எதைப் பற்றிய பேச்சு என்று தெரியும். கூவைக்குறிச்சியில் அப்போது வேறு பேச்சே இல்லை.

ஊருக்குக் கிழக்கே, கடைசி வீட்டுக்கும் பொத்தைக்கும் நடுவில் ஒரு வெளி இருந்தது. பொத்தை என்பது அந்தப் பக்கத்தில் மொட்டைக் குன்றுக்குப் பெயர். வெளியில் புல்லும் சில உடைமரங்களும் தவிர ஒன்றுமில்லை. அதை மாசானத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று ஊர் ஏறக்குறைய முடிவு செய்திருந்தது.

மாசானம் வெளியூர்க்காரன். போன மழையில் அவன் ஊர்க் குளம் உடைந்து, அவனுடைய நிலத்தை மணல் மூடிவிட்டது. மனைவி பூவம்மாவையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு வந்து இங்கே கூலிக்கு நின்றான். வேலையில் கள்ளம் தெரியாதவன். ஊருக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. மழைக்கு முன்னால் உழுதுபோட ஒரு துண்டு நிலம் கிடைத்தால் இங்கேயே தங்கிவிடுவான். கிடைக்காவிட்டால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊர் பார்த்துப் போக வேண்டியதுதான்.

தடை ஒன்றே ஒன்று. வெளியின் மூலையில் ஒரு கல் நின்றது. கல்லில் எழுத்து இருந்தது.

அன்று மத்தியானம் நாட்டாமை வெயிலுமுத்து மடத்துக்கு வந்தார்.

மடம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓடு வேய்ந்த ஒரு கூடம், ஒரு தண்ணீர்ப்பந்தல், ஒரு பசு, அதன் கன்று. அதை நடத்தியவள் உலகம்மை. அவளுக்கு இன்னும் நாற்பது வயதாகவில்லை. அவளுடைய ஒரே சீடரான ஆவுடையப்பனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. ஜமீன் அரண்மனையில் எழுத்து வேலை பார்த்தவர். மனைவி போன பிறகு எல்லாவற்றையும் விட்டுவிட்டேன் என்று சொல்லிக்கொண்டு வந்து சேர்ந்தவர். குரு சீடரை அண்ணாச்சி என்பாள். சீடர் குருவை அம்மை என்பார். "சீடருக்கு நரை விழுந்த பொறவுதான் குருவுக்குப் பல்லு மொளச்சிருக்கு" என்று ஊரில் ஒரு கேலி உண்டு. அது இருவருக்கும் தெரியும்.

"அம்மை, அந்தக் கல்லுல உள்ளதுக்கு அர்த்தம் சொல்லணும்" என்றார் நாட்டாமை.

"எழுத்து அண்ணாச்சிக்குத்தான் தெரியும்" என்றாள் உலகம்மை.

ஆவுடையப்பன் அந்தக் கல்லை எப்போதோ தடவித் தடவி வாசித்திருந்தார்.

"கன்றுமேய்பாழ்னு வெட்டியிருக்கு."

"அதத்தான் நாங்களும் வாய்க்கு வாய் சொல்லுதோமே, கன்னுமேய்பாழ், கன்னுமேய்பாழ்னு. அர்த்தம் என்ன?"

இந்த மாதிரிக் கேள்வி வந்து வெகுகாலமாகிவிட்டது. ஆவுடையப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பழைய நாள்ல ஊர் நிலத்தை வகை பிரிச்சு எழுதுவாங்க. நஞ்சை, புஞ்சை, நத்தம், சுடுகாடு. அந்த வரிசையில இதுவும் ஒண்ணு. கன்னு மேயுற பாழ்நிலம். பாழ்னா பயிர் கிடையாது. தீர்வை கிடையாது. இன்னாருக்குன்னு சொந்தமும் கிடையாது."

"சொந்தக்காரன் கெடையாது?"

"கிடையாது."

"அப்பக் குடுக்கலாம்."

"தாராளமாக் குடுக்கலாம்." சொல்லும்போதே ஆவுடையப்பனுக்கு மாசானத்தின் குழந்தை நினைவுக்கு வந்தது. நல்லதொரு காரியம் தன் வாயால் நடக்கிறது என்று மனசு குளிர்ந்தது.

நாட்டாமை உலகம்மை பக்கம் திரும்பினார். "அம்மையும் ஒரு வார்த்தை சொல்லிட்டா நல்லது. நாளைக்கு எவனாவது, கல்லுக்கு அந்தால கலப்பை வச்சிட்டான்னு ஏசினா, மடத்துல கேட்டுத்தான் செஞ்சோம்னு சொல்லிக்கிடலாம்லா."

"அப்ப நிலத்த நீங்க குடுப்பீங்க. ஏச்ச நான் வாங்கிக்கிடணும்."

"ஐய, அப்பிடிச் சொல்லாதிய."

"உங்க புஞ்சையில ஓரமா ஒரு துண்டு குடுக்க வழியில்லையா?"

நாட்டாமை காதைச் சொறிந்தார். "பயலுவ மூணு பேரு இருக்கானுவ அம்மை. இப்பவே பிரிச்சா ஆளுக்குக் கோவணம் அகலந்தான் வரும்."

 உலகம்மை தொழுவத்துப் பக்கம் பார்த்தாள்.

"கன்னு முறை நாளைக்கு யார் வீட்டுக்கு?"

கூவைக்குறிச்சியில் கன்றுகளைப் பார்க்கத் தனியாக ஆள் கிடையாது. வீட்டுக்கு ஒரு நாள் முறை. முறைக்காரர் ஊர்க் கன்றுகளை எல்லாம் அந்த வெளிக்கு ஓட்டிப்போய்ச் சாயங்காலம் வரை நிற்க வேண்டும். அது எல்லாருக்கும் கசக்கிற வேலை.

"எங்க வீட்டுக்குத்தான்" என்றார் நாட்டாமை.

"அத அண்ணாச்சி பாத்துக்கிடுவார். அமாவாசை வரைக்கும் மத்த வீட்டு முறையும் அவருக்குத்தான். எல்லாருகிட்டயும் சொல்லிருங்க. அமாவாசையன்னிக்கு அவர் வந்து அர்த்தம் சொல்லுவார்."

"அர்த்தந்தான் சொல்லியாச்சே அம்மை" என்றார் ஆவுடையப்பன்.

"சொன்னீங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு, உலகம்மை மாட்டுக்குத் தண்ணீர் காட்ட எழுந்து போனாள்.

ஊர் மகா சந்தோஷப்பட்டது. மறுநாள் விடிந்ததும், கேட்காத வீட்டுக்காரர்கள்கூடக் கன்றை அவிழ்த்துக் கொண்டுவந்து அவரிடம் விட்டார்கள். "எங்க கன்னு கொஞ்சம் குசும்பு பிடிச்சது அண்ணாச்சி. செவியத் திருகிட்டாப் போதும்" என்று ஒருத்தி சொல்லிக் கொடுத்தாள். "எழுத்தாணி பிடிச்ச கைக்கு இப்ப கன்னுக்குட்டி வாலு" என்றான் ஒருவன்.

காலையில் பால் கறந்ததும் பசுக்கள் எல்லாம் மந்தையாகப் பொத்தைக்குப் போய்விடும். கன்றுகள் பின்தங்க வேண்டும். ஆவுடையப்பன் இதைத் தினமும் பார்த்திருக்கிறார். ஆனால் நடுவில் நின்று பிரித்தது இல்லை. பசு திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போயிற்று. மடத்துக் கன்று கழுத்துக் கயிறு இறுகும்படி இழுத்துக் கத்தியது. நெற்றியில் வெள்ளைச் சுட்டி உள்ள செவலைக் கன்று அது. அதன் கண்ணைப் பார்த்துவிட்டார்.

ஊர்க் கன்றுகள் எக்கேடும் கெடட்டும், நம் மடத்துக் கன்று தாயோடு போனால் யாருக்கு என்ன நஷ்டம்? துறவி வளர்க்கிற கன்றுக்காவது அந்தச் சுகம் இருக்கக்கூடாதா?

கயிற்றை விட்டார். கன்று வாலைத் தூக்கிக்கொண்டு தாயிடம் ஓடியது. அவருக்கு அப்போதும் மனசு குளிர்ந்தது.

மற்றக் கன்றுகளை வெளிக்கு ஓட்டிப்போனார். போனதும் அவை மேயவில்லை. எல்லாம் ஒன்றாகக் கிழக்கே திரும்பி, பொத்தையைப் பார்த்தபடி நின்றன. வெயில் ஏற ஏற ஒவ்வொன்றாகத் தலையைக் குனிந்தது. புல்லைக் கடிக்கத் தெரியாத குட்டிகள், கடிக்கத் தெரிந்தவற்றின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றன. பிறகு அவையும் கடித்துத் துப்பிப் பழகின.

விறகுக் கட்டோடு வந்த கோமு, உடைமர நிழலில் அவரைக் கண்டு நின்றாள்.

"என்ன அண்ணாச்சி, கன்னுமேய்பாழ்ல நிக்கியளா?" சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

சிரிப்புக்குக் காரணம் உண்டு. அது அந்த ஊரில் ஒரு பேச்சு. புருஷன் கொழும்புக்குப் போய் வருஷக்கணக்கில் திரும்பாத பெண்ணைப் பற்றி, "பாவம், கன்னுமேய்பாழ்ல நிக்கா" என்பார்கள். பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் பதில் சொல்லாமல் இழுத்தடித்தால், "இன்னும் கன்னுமேய்பாழ்தான்" என்பார்கள். ஆவுடையப்பன் இதையெல்லாம் காதில் வாங்கியிருக்கிறார். உருப்படாமல் கிடப்பதைச் சொல்கிறார்கள் என்றே எண்ணியிருந்தார்.

பொழுது சாய்ந்ததும் பொத்தைச் சரிவில் புழுதி எழுந்தது. ஒரு கன்று தலையைத் தூக்கியது. உடனே எல்லாம் தூக்கின. பசுக்கள் ஓட்டமும் நடையுமாக இறங்கி வந்தன. முன்னால் வந்த பசு ஒரு குரல் கொடுத்தது. அத்தனை கன்றுகளுக்கு நடுவிலிருந்து ஒன்றே ஒன்று பதில் குரல் கொடுத்துக்கொண்டு ஓடியது. அடுத்தது. அதற்கு அடுத்தது. ஆவுடையப்பன் எதையும் ஓட்ட வேண்டியிருக்கவில்லை. ஒதுங்கி நின்றால் போதுமாயிருந்தது.

கடைசியில் மடத்துப் பசு வந்தது. பின்னால் செவலைக் கன்று ஆடி அசைந்து வந்தது. அதன் வயிறு பானைபோல உப்பியிருந்தது.

உலகம்மை செம்பை எடுத்துக்கொண்டு கறக்க உட்கார்ந்தாள். மடியைத் தொட்டுப் பார்த்தாள். காம்பை நீவினாள். எழுந்து, செம்பைக் கழுவிக் கவிழ்த்தாள். அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை.

அந்த நேரம் பார்த்துப் பூவம்மா வந்தாள். இடுப்பில் குழந்தை, கையில் சின்னத் தூக்குப்பாத்திரம். இந்த ஊருக்கு வந்ததும் கண்ட காய்ச்சலில் அவளுக்குப் பால் வற்றிவிட்டது. மடத்துப் பசுவின் சாயங்காலப் பால் அந்தக் குழந்தைக்குத்தான்.

கவிழ்த்து வைத்த செம்பைப் பூவம்மா பார்த்தாள். "இன்னிக்கு இல்லியா அம்மை?"

"அண்ணாச்சிகிட்ட கேளு."

பூவம்மா கேட்கவில்லை. குழந்தை கேட்டது. அழுகைக்கு முன்னால் உதடு பிதுங்கும் அல்லவா, அப்படிப் பிதுக்கிக்கொண்டு பாத்திரத்தையே பார்த்தது.

ஆவுடையப்பன் அவள் கையிலிருந்து தூக்குப்பாத்திரத்தை வாங்கிக்கொண்டு தெருவில் இறங்கினார்.

கோமு வீட்டில் அவள் மாமியார் வாசலுக்கு வந்தாள். "தாயையும் பிள்ளையையும் சேத்து வச்சுட்டீராமே. புண்ணியந்தான். இந்தாரும்" என்று ஒரு ஆழாக்கு ஊற்றினாள். அடுத்த வீட்டில், "எங்களுக்கே மோருக்கு இல்ல" என்று முனகிக்கொண்டே ஊற்றினார்கள். அதற்கடுத்த வீட்டில், "நாளைக்கும் இப்பிடிக் கன்னுக்கு மோட்சம் குடுக்கிறதா இருந்தா, முன்கூட்டியே சொல்லிரும். பாத்திரத்தப் பெருசாக் கொண்டாரலாம்" என்றார்கள். ஆவுடையப்பன் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். ஒவ்வொரு வாசலிலும் ஒரு கன்று கட்டியிருந்தது. எல்லாமே அவருக்கு முகம் தெரிந்த கன்றுகள். பகல் முழுக்க அவர் முன்னால் நின்றவை. சில அவரை மோந்து பார்த்தன.

பாத்திரம் நிறைந்ததும் மாசானத்தின் குடிசைக்குப் போனார். பூவம்மா சங்கில் ஊற்றிப் புகட்டினாள். குழந்தை மூச்சுவிட மறந்து குடித்தது. நடுவில் ஒரு தடவை நிறுத்தி, ஆவுடையப்பனைப் பார்த்துச் சிரித்தது. வாயோரம் பால் வழிந்தது.

மாசானம் வாசலில் உட்கார்ந்து ஒரு கட்டையைச் செதுக்கிக்கொண்டிருந்தான்.

"என்ன அது?"

"நொகம் சாமி. நெலம் கெடைச்ச பொறவு செதுக்க ஆரம்பிச்சா மழ முந்திக்கிடும்லா. மாட்ட எரவல் வாங்கிக்கிடலாம். நொகத்த எவன் குடுப்பான்?" நுகத்தை ஊதித் தூளைத் தட்டிவிட்டு, தோளில் வைத்துச் சமன் பார்த்தான். "மொதக் கதிரு மடத்துக்குத்தான் சாமி. அத மட்டும் வேண்டாம்னு சொல்லப்படாது."



மறுநாள் செவலைக் கன்றுக்குக் கழிச்சல். எழுந்து நிற்க முடியாமல் படுத்துவிட்டது. உலகம்மை வசம்பைச் சுட்டு அரைத்துக் கொடுத்தாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து வாலைக் கழுவினார். அது தேறி எழுந்ததும், அவரே அதன் காதைப் பிடித்து வெளிக்கு ஓட்டிப்போனார். கத்தியது. கத்தட்டும் என்று விட்டார்.

பிறகு ஒரு நாள் மாசானம் வெளிக்கு வந்தான். நிலத்தைக் கண்ணால் அளந்துகொண்டே நடந்தான். காலால் ஓரிடத்தில் கிளறினான். மண்ணை எடுத்து மோந்தான்.

"இங்கன கம்பு போடலாம் சாமி. அந்த மேட்டுல உளுந்து."

"கன்னுகள?"

"கன்னுகள எங்கயாச்சும் ஓட்டிக்கிடலாம்லா."

"எங்க?"

மாசானம் சுற்றிப் பார்த்தான். மேற்கே வீடுகள். வடக்கே ஊராருடைய புஞ்சை, வேலி அடைத்துக் கிடந்தது. தெற்கே குளம். கிழக்கே பொத்தை. பொத்தையில் தாய்ப் பசுக்கள் எறும்புபோலத் தெரிந்தன.

அவனே சொன்னான். "பொத்தைக்கு விட்டாக் குடிச்சிரும்."

"ஆமா."

"எங்க ஊர்லயும் இப்பிடி ஒரு எடம் இருந்துச்சு சாமி. இந்தப் பேருதான். இப்ப அதுவும் மணலு."

ஆவுடையப்பன் அவனைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப, தெரிஞ்சேதான் கேட்டியா?"

"தெரிஞ்சேதான் கேட்டேன்." மாசானம் குந்தி உட்கார்ந்தான். "வேற யாரும் குடுக்கலல்லா சாமி. நாட்டாமைகிட்ட கேட்டேன். மேலத் தெருவுல கேட்டேன். எல்லாரும் நல்லவுகதான். எல்லாரும் இந்த எடத்தத்தான் காட்டுனாவ. நான் என்ன செய்ய? பிள்ள இப்பப் பாலு குடிக்கி. எப்பவும் பாலே குடிச்சிட்டு இருக்குமா? நாளைக்குச் சோறு கேக்கும்லா."

ஒரு கன்று வந்து அவன் தோளை நக்கியது. உப்புக்காக. அவன் அதைத் தள்ளவில்லை. கழுத்தடியைச் சொறிந்து கொடுத்தான்.

"சாமிக்கு ஊர்ல நெலம் நீச்சு உண்டா?"

"தம்பி இருக்கான்."

"நெலம் உண்டான்னு கேட்டேன்."

"உண்டு. பாகம் பிரிச்சாச்சு. என் பங்கு தனியா இருக்கு."

"என்ன போட்டிருக்கிய?"

"ஒண்ணும் போடல."

"ஏன் சாமி, தண்ணி இல்லியா?"

"கெணறு இருக்கு."

மாசானம் "ம்" என்றான். எழுந்து, வேட்டியைத் தட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டான்.

அந்தச் சின்ன "ம்" ஆவுடையப்பனோடு தங்கிவிட்டது.

அவருடைய ஊர் அங்கிருந்து அரைநாள் நடை. தம்பி சங்கரலிங்கம் தை மாதம் தவறாமல் மடத்துக்கு வருவான். பொங்கலுக்குப் பனங்கிழங்கும் அரிசியும் வைத்துவிட்டுக் கும்பிடுவான். கிளம்பும்போது, "உங்க பங்க நான் உழுதுக்கிடட்டுமா அண்ணே? சும்மாதான கெடக்கு" என்று கேட்பான். ஆவுடையப்பன், "இருக்கட்டும்டா" என்பார். ஒவ்வொரு தையிலும் அதே கேள்வி, அதே பதில். ஏன் அப்படிச் சொல்கிறோம் என்று அவர் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. கேட்கிற தம்பியும் அதற்கு மேல் கேட்டதில்லை.

அமாவாசைக்கு முந்திய நாள் சாயங்காலம். கன்றுகள் எல்லாம் தாயோடு போய்விட்டன. உலகம்மை பால் கறந்து முடித்துப் பூவம்மாவுக்கு ஊற்றி அனுப்பிவிட்டு, செவலைக் கன்றின் காதில் உண்ணி பிடுங்கிக்கொண்டிருந்தாள். ஆவுடையப்பன் வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"அம்மை, அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரிஞ்சு போச்சு."

"சொல்லுங்க."

"தாய் திரும்பி வர்ற வரைக்கும் கன்னு காத்து நிக்கிற இடம்."

"நல்லா இருக்கே. நாளைக்கு அதையே சொல்லிருங்க."

"வாய் வரமாட்டேங்கு அம்மை."

"ஏன்?"

"சொன்னா மாசானம் ஊரை விட்டுப் போயிருவான். நொகம்கூடச் செதுக்கி வச்சிருக்கான்."

"அப்பச் சொல்லாதீங்க."

"சொல்லாட்டிக் கன்னுகளுக்கு இடம் இல்ல. பால் போயிரும். அவன் பிள்ளை குடிக்கிற பாலும்தான்." தரையில் கையை ஊன்றி முன்னால் நகர்ந்தார். "எதச் சொன்னாலும் ஒரு வயித்துல அடிக்கணும். எங்கிட்ட ஏன் அம்மை இத விட்டீங்க? அன்னிக்கே நீங்க சொல்லியிருக்கலாமே. நாட்டாமைகிட்ட கூடாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும்."

"முடிஞ்சிருக்கும். மாசானமும் அன்னிக்கே போயிருப்பான்."

"இப்ப மட்டும் என்ன? நாளைக்குப் போவான்."

உலகம்மை ஒரு உண்ணியை நகத்தால் நசுக்கிவிட்டு, கன்றின் இன்னொரு காதைத் திருப்பினாள்.

"நாட்டாமைக்கு மூணு பிள்ளைங்க. மேலத் தெருக்காரங்களுக்குக் கடன். எல்லாருக்கும் ஒரு காரணம் இருக்கு அம்மை. ஒருத்தரையும் கெட்டவங்கன்னு சொல்ல முடியல" என்றார் ஆவுடையப்பன். "இந்த ஊரைச் சுத்திச் சும்மா கிடக்கிற நிலம் இது ஒண்ணுதான். அதுவும் சும்மா கிடக்கலன்னு தெரிஞ்சு போச்சு. நான் என்னதான் செய்ய?"

கன்று தலையை உதறியது. உலகம்மை அதன் தாடையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அண்ணாச்சி, தை மாசம் உங்க தம்பி வந்து கேக்கும்போதெல்லாம் நானும் இங்கனதான இருக்கேன்."

ஆவுடையப்பன் நிமிர்ந்தார்.

"ஊர் அந்த இடத்தக் கன்னுக்காகக் காலியா வச்சிருக்கு" என்றாள் உலகம்மை. "உங்க பங்க யாருக்காக வச்சிருக்கீங்க?"

  உலகம்மை கன்றை அவிழ்த்துத் தாயிடம் விட்டாள். அது முட்டி முட்டிக் குடிக்கிற சத்தம் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

அமாவாசையன்று காலை, ஊர் கல்லடியில் கூடியது. மாசானமும் வந்திருந்தான். கொஞ்சம் தள்ளி நின்றான்.

"சொல்லுங்க அண்ணாச்சி" என்றார் நாட்டாமை.

"தாய் திரும்பி வர்ற வரைக்கும் கன்னு நிக்கிற இடம். வேற அர்த்தம் இல்ல."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. சிலருக்கு நிம்மதி. சிலருக்கு எரிச்சல்.

"அன்னிக்குத் தாராளமாக் குடுக்கலாம்னு சொன்னியளே!"

"அன்னிக்கு வாசிச்சுச் சொன்னேன்."

"இன்னிக்கு?"

"கன்னுகள ஓட்டிட்டுப் போய்ட்டு வந்து சொல்லுதேன்."

"அப்ப அந்தப் பய கதி? கைப்பிள்ளைக்காரன்லா? பேசுறதுக்கு நல்லாத்தான் இருக்கு."

 மாசானம் அதற்குள் திரும்பி நடக்கத் தொடங்கியிருந்தான். ஆவுடையப்பன் வேகமாகப் போய் அவனைப் பிடித்தார்.

"நொகத்த எடுத்துக்கோ."

"எங்க சாமி?"

"எங்க ஊருக்கு."

இருவரும் வடக்கே நடந்தார்கள்.  மாசானம் நுகத்தை ஒரு தோளிலிருந்து மறுதோளுக்கு மாற்றிக்கொண்டே வந்தான். ஒரு தடவை மட்டும் ஏதோ கேட்க வாயெடுத்தான். ஆவுடையப்பனின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்காமல் விட்டான். வெயில் உச்சிக்கு ஏறும்போது போய்ச் சேர்ந்தார்கள்.

அண்ணனைக் கண்டதும் சங்கரலிங்கம் திகைத்துப்போனான். துறவு கொண்ட பிறகு அவர் அந்த ஊரில் கால் வைப்பது அதுதான் முதல் தடவை. "வாங்கண்ணே, வாங்கண்ணே" என்று தடுமாறினான். வீட்டுக்குள் பார்த்துச் சோறு வைக்கச் சொன்னான். ஆவுடையப்பன் உட்காரவில்லை.

"ஒரு செம்புத் தண்ணி கொண்டா. என் பங்கக் காட்டு."

"உங்களுக்கே தெரியாதா அண்ணே?"

"மறந்துபோச்சு. காட்டு."

செம்பை அண்ணன் கையில் கொடுத்து, கூட்டிப்போய்க் காட்டினான். சுற்றிலும் பச்சைப் பசேல் என்று சங்கரலிங்கத்தின் மிளகாயும் கத்தரியும். நடுவில் ஒரு துண்டு மட்டும் கறுத்துக் கிடந்தது. உடையும் எருக்கும் ஆளுயரம் முளைத்திருந்தன. அந்த முள்ளைச் சுற்றித் தம்பி முள்வேலி போட்டு வைத்திருந்தான்.

"ஆடு மாடு உள்ள போகாமப் பாத்துக்கிடுதேன் அண்ணே. ஒரு வருசம்கூட வேலி விட்டதில்ல" என்றான் பெருமையாக. பின்னால் நுகத்தோடு நின்ற ஆளைப் பார்த்தான். அவனுக்கு மெதுவாகப் புரிந்தது. குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணே, ஏன்னு நான் வாய்விட்டுக் கேட்டதில்ல. நீங்க என்னிக்காவது ஒரு நாள் மனசு மாறித் திரும்பி வந்தா, கால் ஊன ஒரு எடம் வேணும்லா? அதுக்காகத்தான நீங்களும் இருக்கட்டும்னிய? அதுக்காகத்தான நானும் காத்துட்டு இருக்கேன்?"

ஆவுடையப்பன் தம்பியின் தோளில் கை வைத்தார். கையைக் கொஞ்ச நேரம் எடுக்கவில்லை. பிறகு வேலியின் ஒரு முள்கட்டை இழுத்து ஓரமாகப் போட்டு, உள்ளே இறங்கினார். முள் குத்தியது. மாசானத்தை உள்ளே கூப்பிட்டார்.

"கையை நீட்டு."

மாசானம் நுகத்தைக் கீழே வைத்தான். இரண்டு கையையும் வேட்டியில் துடைத்தான். துடைத்த பிறகும் நீட்டத் தயங்கினான். பிறகு நீட்டினான்.

ஆவுடையப்பன் செம்பைச் சாய்த்து அந்தக் கைகளில் நீரை வார்த்தார். செம்பு காலியாகும்வரை வார்த்தார்.